எழுத்து நம்முடையது, அதற்கு வந்த பதில் யாருடையது?

இணையத்தில் எழுதுகிற இரண்டு பேர் சேர்ந்து பதிப்புரிமை பற்றிப் பேசினால், பேச்சு கடைசியில் திருட்டில்தான் போய் நிற்கும். யாரோ கதையை எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொண்டார், யாரோ பிடிஎஃப் ஆக்கிக் குழுக்களில் சுற்றவிட்டார் என்று. நியாயமான கோபம். எனக்கும் நடந்திருக்கிறது, அதைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் பல வருடங்களாகத் தொடர்கதைகளையும் கட்டுரைகளையும் எழுத்துத் தளங்களில் வெளியிட்டு, வாசகர்கள் எழுதிய பதில்களைப் படித்துப் படித்தே எழுதக் கற்றுக்கொண்ட எனக்கு, அதிகம் பேசப்படாத இன்னொரு பக்கம் முக்கியமாகப் படுகிறது. அத்தியாயத்துக்குக் கீழே ஒரு வாசகர் நேரம் ஒதுக்கி நாலு பத்தி எழுதுகிறாரே, அது யாருடையது? தளம் தன் சொத்துபோல நடந்துகொள்கிறது. எழுத்தாளர் அதைத் தன் பதிவின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொள்கிறார். பதிலை எழுதிய வாசகர் அதைப் பற்றி யோசிப்பதே இல்லை. சட்டப்படி அது எழுதிய அந்த வாசகருடையது, அதை மனதில் வைத்துக்கொண்டு நடந்தால் எழுதுகிறவர்களுக்கும் படிக்கிறவர்களுக்கும் இடையில் வருகிற சச்சரவுகளில் பல வரவே வராது என்பதுதான் நான் பார்த்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் உலகின் பெரும்பாலான நாடுகள் சேர்ந்திருக்கின்றன. அதன்படி பதிப்புரிமைக்காக எங்கேயும் போய்ப் பதிவு செய்யத் தேவையில்லை, "அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை" என்று அடியில் எழுதவும் தேவையில்லை. எழுதியதுமே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது, பொதுவாக அவர் காலத்துக்குப் பிறகும் குறைந்தது 50 ஆண்டுகள் நீடிக்கிறது, பல நாடுகளில் 70 ஆண்டுகள். எங்கே எழுதினார், எவ்வளவு பெரிய எழுத்தாளர் என்பதெல்லாம் கணக்கில் வராது. சொந்தமாக யோசித்து எழுதியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். "அருமை, அடுத்த பகுதி எப்போது?" என்பதற்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது, சரி. ஆனால் நீளத்தை மட்டும் வைத்து இதை முடிவு செய்துவிடவும் முடியாது. 2009-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் ஒரு வழக்கில், வெறும் 11 சொற்கள் கொண்ட ஒரு துண்டுகூட எழுதியவரின் சொந்த ஆக்கத்தைக் காட்டுமானால் பாதுகாப்புக்கு உரியதாகலாம் என்று சொன்னது. 11 சொல்லுக்கே அப்படியென்றால், ஒரு கதாபாத்திரம் ஏன் அப்படி நடந்துகொண்டது என்று ஒரு வாசகர் எழுதும் முழு அலசலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

உரிமை நம்முடையது என்றால் தளத்திடம் இருப்பது என்ன? உரிமம், அதாவது நம் எழுத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் அனுமதி. கணக்குத் தொடங்கும்போது "ஏற்கிறேன்" என்று டிக் செய்கிறோமே, அப்போது கொடுப்பது அதுதான். பெரும்பாலான தளங்களின் நிபந்தனைகளில் "உங்கள் படைப்பின் உரிமை உங்களிடமே இருக்கும்" என்று ஒரு வரி இருக்கும், பலர் அதைப் படித்துவிட்டு நிம்மதியாக மூடிவிடுகிறார்கள். அதற்கு அடுத்த வரியில்தான் விஷயமே இருக்கிறது. பிரத்யேகமற்ற, உலகளாவிய, ராயல்டி இல்லாத, துணை உரிமம் கொடுக்கத்தக்க, பிறருக்கு மாற்றத்தக்க, நிரந்தரமான, திரும்பப் பெற முடியாத என்று பெயரடைகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றையும் நிறுத்திப் படிக்க வேண்டும். "பிரத்யேகமற்ற" என்பது நமக்குச் சாதகமான சொல், அதே கதையை வேறு இடத்திலும் போடலாம், புத்தகமாகவும் கொண்டுவரலாம் என்று பொருள். அது "பிரத்யேக" என்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். "துணை உரிமம்" என்றால் தளம் உங்கள் எழுத்தை மூன்றாவது ஆளுக்கும் பயன்படுத்தக் கொடுக்கலாம். "மாற்றத்தக்க" என்றால் நிறுவனத்தை வேறொருவர் வாங்கினால் உரிமமும் அவரோடு போகும். "நிரந்தரமான, திரும்பப் பெற முடியாத" என்றால் நீங்கள் பதிவை அழித்தாலும், கணக்கையே மூடினாலும் கொடுத்தது கொடுத்ததுதான்.

இதையெல்லாம் சதி என்று நான் சொல்லவில்லை. எழுத்தைச் சேமிக்கவும், வேறு வேறு திரைகளில் காட்டவும், தேடலில் ஒரு துண்டை எடுத்துப் போடவும் தளத்துக்கு ஏதோ ஓர் உரிமம் தேவைதான். எவ்வளவு அகலமானது என்பதுதான் கேள்வி, அதற்கு எதிர்ப்புத் தெரிவித்தால் பலன் உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. 2009 பிப்ரவரியில் ஃபேஸ்புக் தன் நிபந்தனைகளை மாற்றி, கணக்கை மூடிய பிறகும் உரிமம் தொடரும் என்ற நிலையை உண்டாக்கியபோது பயனர்கள் கொதித்துப்போய், சில நாட்களில் அந்நிறுவனம் பழைய நிபந்தனைகளுக்கே திரும்பியது. 2012 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் புகைப்படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது போன்ற வாசகங்களைக் கொண்டுவந்தபோதும் அதேதான் நடந்தது. நிபந்தனைகள் மாறியதாக மின்னஞ்சல் வந்தால் படிக்காமல் அழித்துவிடாதீர்கள், உரிமம் பற்றிய பத்தியை மட்டுமாவது பாருங்கள்.

உரிமை இருக்கிறது என்பதற்காகப் பணம் வந்துவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2011-இல் ஹஃபிங்டன் போஸ்ட் என்ற செய்தித் தளத்தை ஏஓஎல் என்ற இணைய நிறுவனம் 31.5 கோடி டாலருக்கு வாங்கியது. அதுவரை அங்கே ஊதியமில்லாமல் எழுதியவர்களில் சிலர், எங்கள் எழுத்தும் சேர்ந்துதானே இந்த விலை, எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். 2012-இல் அது தள்ளுபடியானது. ஊதியம் கிடையாது என்று தெரிந்தேதான் எழுதினீர்கள் என்பதுதான் நீதிமன்றத்தின் பார்வை. எனக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் உறுத்துகிறது, ஆனால் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது தெளிவு: பேச வேண்டியதை முதல் பதிவுக்கு முன்னால் பேச வேண்டும், தளம் வளர்ந்த பிறகு பேசிப் பயனில்லை.

போட்டிகளில் இன்னும் கவனம் தேவை. தளத்தின் பொது நிபந்தனைகள் ஒன்றாக இருக்கும், போட்டிக்கான விதிமுறைகள் தனியாக வேறொரு பக்கத்தில் இருக்கும், அங்கேதான் ஒலி வடிவம், திரை வடிவம், மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் சேர்த்து எழுதி வாங்கிக்கொள்வார்கள். வென்ற கதைக்கு மட்டுமா, அனுப்பிய எல்லாக் கதைகளுக்குமா என்று பாருங்கள். பரிசு கிடைக்காத கதையின் உரிமையும் போய்விடும் விதிமுறைகளை நான் நேரிலேயே படித்திருக்கிறேன், அவற்றுக்குக் கதை அனுப்பவில்லை.

இனி நான் அதிகம் சொல்ல நினைத்தது.

நான் நீண்ட காலம் எழுதிவந்த ஒரு தளம் ஒருநாள் மூடப்போவதாக அறிவித்தது. அவகாசம் கொடுத்தார்கள், பதிவிறக்கும் வசதியும் கொடுத்தார்கள். பதிவிறக்கிப் பார்த்தால் என் அத்தியாயங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன, அவற்றுக்கு வந்த பதில்கள் ஒன்றுகூட இல்லை. என் எழுத்தின் நகல் என்னிடம் எப்போதும் இருந்தது, அதை அவர்கள் கொடுக்காவிட்டாலும் கவலையில்லை. இல்லாமல் போவது மற்றதுதான். ஒரு முதியவர் தன் வாழ்க்கையில் நடந்ததை என் கதையோடு ஒப்பிட்டு வாராவாரம் எழுதியது, இரண்டு வாசகிகள் ஒரு தாயின் முடிவு சரியா தவறா என்று நாள்கணக்கில் வாதாடியது, என்னைத் திருத்தியவர்கள், என்னோடு சண்டை போட்டவர்கள். அவர்களில் பெரும்பாலானோர் அந்த வரிகளை வேறெங்கும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். முடிந்தவரை பக்கம் பக்கமாகத் திறந்து சேமித்தேன். எல்லாவற்றையும் எடுக்க முடியவில்லை.

இது என் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததில்லை. யார் வேண்டுமானாலும் சொந்தப் பக்கம் வைத்துக்கொள்ள இடம் கொடுத்த ஜியோசிட்டீஸ் 2009-இல் போனது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பரில், யாஹூ ஆன்சர்ஸ் 2021 மே மாதத்தில். ஒவ்வொரு முறையும் தன்னார்வலர்களும், இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற அமைப்புகளும் ஓடி ஓடிக் கொஞ்சம் காப்பாற்றினார்கள். யாஹூ ஆன்சர்ஸ் என்பதே முழுக்க முழுக்க ஒருவர் கேட்க இன்னொருவர் எழுதிய பதில்கள்தான். பதிப்புரிமை அந்தப் பதில்களை எழுதியவர்களிடம் இருந்தது என்பது உண்மை, ஆனால் அந்த உரிமையை வைத்துக்கொண்டு தளத்தைத் திறந்து வைக்கச் சொல்ல யாராலும் முடியவில்லை. வாடகை வீட்டுச் சாமான் நம்முடையதுதான், வீட்டைப் பூட்டும் சாவி உரிமையாளரிடம் இருக்கிறது.

அதனால் ஒரு தளத்தில் சேர்வதற்கு முன் நான் முதலில் பார்ப்பது வாசகர் எண்ணிக்கையை இல்லை, வெளியேறும் வழியை. ஏற்றுமதி வசதி இருக்கிறதா, அதில் பதில்களும் வருகின்றனவா என்று ஒரு சின்னப் பதிவு போட்டு, ஒரு நண்பரைப் பதில் எழுதச் சொல்லி, பதிவிறக்கிப் பார்த்துவிடுகிறேன். வேர்ட்பிரஸும் பிளாகரும் கொடுக்கும் எக்ஸ்எம்எல் கோப்பில் பதிவுகளோடு கருத்துரைகளும் இருக்கும். பல தொடர்கதைச் செயலிகளில் அப்படி எதுவும் கிடையாது. ஐரோப்பாவில் 2018 மே முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் கொடுத்த தரவை எந்திரம் படிக்கத்தக்க வடிவில் திருப்பிக் கேட்கும் உரிமையைத் தருகிறது, அதற்காகச் செய்த பதிவிறக்க வசதியைச் சில நிறுவனங்கள் எல்லா நாட்டுப் பயனர்களுக்கும் திறந்துவிட்டன. ஆனால் கவனியுங்கள், அது பெரும்பாலும் நீங்கள் எழுதியதைத்தான் தரும். உங்கள் கதைக்கு மற்றவர் எழுதியது உங்கள் தரவு இல்லை என்று அவர்கள் சொன்னால் அதில் நியாயமும் இருக்கிறது. வாசகராக எழுதுகிறவர்களுக்கு இதனால்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வது, நாலு வரிக்கு மேல் எழுதும் எந்தப் பதிலையும் முதலில் உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள், பிறகு அங்கே ஒட்டுங்கள்.

என் தொடர் ஒன்றை மின்னூலாகக் கொண்டுவந்தபோது, கடைசியில் வாசகர் கடிதங்கள்போல ஒரு பகுதி சேர்க்க ஆசைப்பட்டேன், பழைய பத்திரிகைத் தொடர்கள் நூலாகும்போது இருக்குமே அப்படி. என் கதைக்கு வந்தவைதானே என்று எடுத்துப் போட்டிருக்கலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நான் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். என்ன எழுதியிருந்தார்களோ அந்தப் பத்தியை அப்படியே ஒட்டி, எந்தப் புத்தகத்தில், விலைக்கா இலவசமா, எந்தப் பெயரில் போடட்டும் என்று கேட்டு அனுப்பினேன். பெரும்பாலானோர் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள். ஒருவர் தன் உண்மைப் பெயரை எடுத்துவிட்டுப் புனைபெயர் போடச் சொன்னார், இன்னொருவர் எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்தார். ஒரு பெண் மட்டும் வேண்டாம் என்றார். அந்தப் பதிலில் தன் குடும்பத்தைப் பற்றி எழுதியிருந்ததாகவும், அன்றைக்கு அந்த இருபது முப்பது பேர் மத்தியில் சொன்னது வேறு, புத்தகத்தில் அச்சாவது வேறு என்றும் சொன்னார். எவ்வளவு சரியான பேச்சு. யாரும் படிக்கக்கூடிய இடத்தில்தானே எழுதினார் என்று நாம் வாதாடலாம். ஆனால் ஒருவர் ஓரிடத்தில் ஒரு கூட்டத்தை நம்பி எழுதியதை இன்னோர் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும் முடிவு அவருடையது, சட்டமும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. பதில் கிடைக்காதவர்களின் வரிகளை விட்டுவிட்டேன். மௌனம் சம்மதம் என்ற பேச்சு இதில் செல்லாது.

விமர்சிக்கவோ விவாதிக்கவோ இரண்டு வரியை மேற்கோள் காட்டுவது வேறு. பெர்ன் உடன்படிக்கையே நேர்மையான அளவில் மேற்கோள் காட்டுவதை அனுமதிக்கிறது, எங்கிருந்து எடுத்தது, யார் எழுதியது என்று சொல்ல வேண்டும் என்கிறது. ஒருவர் எழுதியதற்கு மறுப்பு எழுதும்போது அவர் வரியைக் காட்டித்தான் ஆக வேண்டும், அதற்கெல்லாம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் விவாதமே நடக்காது.

யோசனைகள் விஷயத்தில் நிலைமை தலைகீழ். தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போது வாசகர்கள் அடுத்து என்ன நடக்கும் என்று ஊகித்து எழுதுவார்கள், சில சமயம் நாம் நினைத்து வைத்ததைவிட நல்ல திருப்பமாக இருக்கும். அதை எடுத்துக்கொள்ளலாமா? பதிப்புரிமை சொற்களைக் காக்கும், கருத்தைக் காக்காது. 1995-இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் ட்ரிப்ஸ் ஒப்பந்தம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. ஆகவே "அந்தத் தம்பிதான் உண்மையில் கடிதத்தை எழுதியிருப்பான்" என்ற ஊகத்தை எழுத்தாளர் பயன்படுத்தினால் வழக்கு நிற்காது, அந்த வாசகர் விரிவாக எழுதிய காட்சியின் வரிகளை எடுத்தால் நிற்கும். ஆனால் சட்டம் விடுகிறது என்பதற்காகப் பெயரைச் சொல்லாமல் விடுவது எனக்கு ஒப்பாது. ஒரு வாசகியின் ஊகம் என் கதையின் போக்கை மாற்றியபோது, அந்த அத்தியாயத்தின் முதல் வரியிலேயே அவர் பெயரோடு சொன்னேன். அவர் அதற்குப் பிறகு எழுதிய பதில்கள் இன்னும் கூர்மையாக வந்தன. சில எழுத்தாளர்கள் முன்கூட்டியே "அடுத்த திருப்பத்தை ஊகித்து எழுத வேண்டாம்" என்று கேட்டுக்கொள்கிறார்கள், பின்னால் தகராறு வரக் கூடாது என்பதற்காக. அதுவும் நேர்மையான வழிதான்.

அப்புறம் நீக்குவது, திருத்துவது. எழுத்தாளருக்குத் தன் பக்கத்தில் வரும் பதிலை நீக்கும் வசதியைப் பல தளங்கள் தருகின்றன, சில தளங்களில் திருத்தும் வசதியும் உண்டு. நீக்குங்கள், ஒருபோதும் திருத்தாதீர்கள். ஆபாசமோ மிரட்டலோ இருந்தால் நீக்க வேண்டியதுதான், அதற்கு உங்களுக்கு உரிமை மட்டும் இல்லை, சில நாடுகளில் பொறுப்பும் உண்டு. எஸ்தோனியாவின் டெல்ஃபி என்ற செய்தித் தளத்தை வாசகர்கள் எழுதிய வெறுப்புப் பேச்சுக்குப் பொறுப்பாக்கியது கருத்துரிமை மீறல் இல்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 230-ஆவது பிரிவு நேர்மாறாக, பயனர் எழுதியதற்குத் தளத்தைப் பெரும்பாலும் பொறுப்பாக்குவதில்லை. இரண்டு இடத்திலும் நீக்கத் தடையில்லை. ஆனால் ஒருவர் எழுதிய பதிலில் கடுமையான வாக்கியத்தை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை அவர் பெயரிலேயே விட்டு வைப்பது, அவர் சொல்லாததை அவர் வாயில் வைப்பது. படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் தார்மிக உரிமை என்று பெர்ன் உடன்படிக்கையில் ஒரு விதி இருக்கிறது, அது நாவலாசிரியருக்கு எவ்வளவோ அவ்வளவு அந்த வாசகருக்கும்.

தன் பதிவையே அழிப்பவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். புத்தகமாக வரப்போகிறது என்று தொடரை ஒரே இரவில் எடுத்துவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. உங்கள் எழுத்து, எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதோடு நூற்றுக்கணக்கான பேர் எழுதியதும் போகிறது. ஒரு வாரம் முன்பே அறிவியுங்கள், தங்கள் பதிலை எடுத்துக்கொள்ள நினைப்பவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். தளம் அனுமதித்தால் கதையை நீக்கிவிட்டு, பதில்களோடு அந்தப் பக்கத்தை அப்படியே விடலாம்.

இனி, திருட்டு. என் கதை ஒன்றை யாரோ குரலில் வாசித்து ஒரு காணொளித் தளத்தில் ஏற்றியிருந்தார், என் பெயர் எங்கேயும் இல்லை. முதலில் ஆதாரம் சேர்த்தேன்: முகவரியும் தேதியும் தெரியும் ஸ்கிரீன்ஷாட், இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தின் பிரதி, என் கதை முதலில் வெளியான இடத்தின் தேதி. பிறகு அவருக்கே எழுதினேன். பதில் இல்லாததால் தளத்துக்கு நீக்கக் கோரிக்கை அனுப்பினேன். அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஎம்சிஏ என்ற இணையப் பதிப்புரிமைச் சட்டம் வகுத்த முறையைத்தான் பெரும்பாலான பெரிய தளங்கள் எல்லா நாட்டவருக்கும் பயன்படுத்துகின்றன. உங்கள் படைப்பு எது, மீறல் எந்த முகவரியில் இருக்கிறது, உங்கள் தொடர்பு விவரம், இது அனுமதியில்லாத பயன்பாடு என்று நல்லெண்ணத்தோடு நம்புவதாக ஓர் உறுதிமொழி, தகவல் சரி என்ற உறுதிமொழி, கையொப்பம், இவ்வளவும் வேண்டும். புனைபெயரில் எழுதுகிறவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும், ஏனென்றால் கோரிக்கையில் உள்ள விவரங்கள் எதிர்த் தரப்புக்குப் போகலாம். கூகுள் தனக்கு வரும் கோரிக்கைகளை லூமன் என்ற பொதுத் தொகுப்புக்கும் அனுப்புகிறது. வீட்டு முகவரி வெளியே போகக் கூடாது என்றால் உங்கள் சார்பில் ஒரு வழக்கறிஞரோ பதிப்பாளரோ அனுப்பலாம். எதிர்த் தரப்பு மறுப்பு அனுப்பினால், நீங்கள் வழக்குத் தொடராத நிலையில் 10 முதல் 14 வேலை நாட்களில் அது திரும்பவும் ஏறிவிடும். என் விஷயத்தில் மறுப்பு வரவில்லை, காணொளி போய்விட்டது.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், அதாவது சில நிபந்தனைகளோடு யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுக்கும் அனுமதியில், வெளியிட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மனதார நல்ல விஷயம், விக்கிப்பீடியா நிற்பதே அதில்தான். ஆனால் அதைத் திரும்பப் பெற முடியாது. நிரல் எழுதுகிறவர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2024 மே மாதத்தில், செயற்கை நுண்ணறிவு நிறுவனமான ஓபன்ஏஐயோடு கூட்டு அறிவித்தபோது, வருடக்கணக்கில் இலவசமாகப் பதில் எழுதியவர்களில் சிலர் கோபத்தில் தங்கள் பதில்களை அழிக்கவும் மாற்றவும் முயன்றார்கள். தளம் அவற்றை மீட்டுப் போட்டது, சிலருடைய கணக்குகளை நிறுத்தியும் வைத்தது. அந்தப் பதில்களின் பதிப்புரிமை அவர்களுடையதேதான், ஆனால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் முன்பே கொடுத்தாகிவிட்டது. வணிகப் பயன்பாடு வேண்டாம், மாற்றங்கள் வேண்டாம் என்று நிபந்தனை சேர்க்கும் வகைகளும் அதில் உண்டு, தேர்ந்தெடுப்பதற்கு முன் உங்கள் எழுத்தை நீங்கள் வெறுக்கும் ஒருவர் பயன்படுத்தினால் பொறுத்துக்கொள்வீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு தொடரின் முதல் அத்தியாயத்துக்குக் கீழேயும் ஒரு குறிப்புப் போடுகிறேன். நீங்கள் எழுதும் பதில் உங்களுடையது, கேட்காமல் வேறெங்கும் பயன்படுத்த மாட்டேன், நீக்குவேனே தவிரத் திருத்த மாட்டேன், தொடரை எடுப்பதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே சொல்வேன், உங்கள் ஊகம் என் கதையில் இடம்பெற்றால் எந்தப் பெயரில் நன்றி சொல்வது என்று கேட்பேன். வேண்டுமானால் அந்தக் குறிப்பை அப்படியே எடுத்து உங்கள் தொடரிலும் போட்டுக்கொள்ளுங்கள், அதற்கு என் அனுமதி உண்டு.